பட அட்டைப் பெட்டி நல்லதுதான், ஆனால் நம் லயத்துப் பிள்ளைகளுக்கு மாற்றித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 3, 4 இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். போன தவணை ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில், பிள்ளைகளுக்கு உடம்பையும் உணர்வையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பட அட்டைப் பெட்டியைக் கண்டு சொந்தக் காசில் வாங்கினேன், 3,850 ரூபா. தமிழ்நாட்டில் அச்சடித்தது. உள்ளே 42 பட அட்டைகள், ஒரு துணிப் பொம்மை, பெற்றோருக்கு ஒரு சின்னக் கைநூல். உணர்வுகள், நட்பு, உடம்பு, தொடுகை, சாப்பாடு, தூக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு தவணை முழுக்கப் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எதற்கு வாங்கினேன் என்றால், நம் பாடத்திட்டத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6இல்தான் தனிப் பாடமாக வருகிறது. அதுவரைக்கும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க அந்தப் பாடவேளையும் கணக்குக்குப் போய்விடுகிறது. பிள்ளைக்கு 10 வயதாகும்வரை தன் உடம்பைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசாமல் இருப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

உணர்வு அட்டைகள் அருமை. கோபம், சந்தோசம் என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத பிள்ளைகள், இப்போது "எனக்கு இன்னைக்கு ஏக்கமா இருக்கு டீச்சர்" என்று அந்த அட்டையை எடுத்து மேசையில் வைக்கிறார்கள்.

"கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ" என்றொரு அட்டை. ஒரு பையன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாற்றுகிறான், தங்கச்சி வெளியே நின்று தட்டுகிறாள். வகுப்பில் 27 பேர், தனி அறை யாருக்கு இருக்கிறது என்று கேட்டேன், ஒரு கைகூட எழவில்லை. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா என்று எல்லோரும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் எந்தக் கதவைத் தட்டுவது? அந்த அட்டையை மூடி வைத்துவிட்டு, மறுநாள் ஒரு பழைய சேலையைக் கொண்டுபோய் வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒருவர் சேலைக்கு உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே நிற்பவர் "வரலாமா?" என்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் "கொஞ்சம் இருங்க" என்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அரை மணி நேரம் விடாமல் விளையாடினார்கள். "எங்க அக்கா உடுப்பு மாத்துறப்ப நான் பீலிக்குப் போயிருவேன் டீச்சர்" என்று ஒருவன் சொன்னான் (பீலி என்றால் லயத்தார் பொதுவாகத் தண்ணீர் பிடிக்கிற இடம்). பிள்ளைகளுக்கு விசயம் ஏற்கெனவே தெரியும், அட்டையில் இருந்த வீடுதான் தெரியாத வீடு.

கைகழுவும் அட்டையும் அப்படித்தான், பளபளக்கும் பேசினும் குழாயும். நாங்கள் பீலிக்கரையில் நின்று, ஒருவர் தண்ணீர் ஊற்ற மற்றவர் சவர்க்காரம் போட்டு 20 எண்ணும்வரை தேய்த்துப் பழகினோம். சாப்பாட்டுப் பகுதியில் குடிபானம் பற்றி ஒன்றுமே இல்லை. நம் நாட்டில் 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்ட நிற அடையாளம் இருக்கிறது: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். வெறும் போத்தல்களைப் பொறுக்கி வரச் சொன்னேன், அந்தப் பாடம் அட்டையைவிட நன்றாகப் போனது.

வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது உதவி எண். அட்டையில் 1098 என்று இருக்கிறது, அது இந்தியாவின் எண். இங்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். முதல் வேலையாக வெள்ளைத் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள், பிள்ளை ஆபத்து நேரத்தில் பிழையான எண்ணை ஞாபகம் வைத்திருக்கக் கூடாது.

"ஐந்து விரல், ஐந்து பேர்" அட்டைதான் இந்தப் பெட்டியிலேயே பெறுமதியானது. கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் நம்பிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரின் பெயரை எழுத வேண்டும். ஒரு பிள்ளை மூன்று விரலோடு நின்றுவிட்டாள். அம்மா குவைத்தில். "போன்ல இருக்கிற அம்மாவ எழுதலாமா டீச்சர்?" எழுதலாம் என்றேன், பெருவிரலில் எழுதினாள். ஐந்தாவது விரலை வெறுமையாக விடட்டும், வற்புறுத்தாதீர்கள். இரண்டு வாரம் கழித்துத் தானாகவே பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) அக்காவின் பெயரைப் போட்டிருந்தாள்.

உடம்பின் மறைவான பகுதிகளைச் சரியான பெயரோடு சொல்லும் அட்டைகள் உண்டு. முதல் நாள் சிரிப்பு, மூன்றாம் நாள் சிரிப்பு இல்லை. ஒரு அப்பா வந்து "இதெல்லாம் இந்த வயசுல வேணுமா டீச்சர்?" என்றார், கோபமாக இல்லை, பயந்து. 42 அட்டையையும் அவர் முன் பரப்பி வைத்தேன். ஒரு ஆள் இனிப்பைக் கொடுத்து "வீட்டுல சொல்லாத" என்கிற படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நான் கொழும்புல வேல, புள்ள பாட்டிகிட்டதான், பாட்டிக்கும் இதக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பாட்டிமார்களைத் தனியாகக் கூப்பிட்டு அந்த ஒரு அட்டையை மட்டும் காட்டினேன். கைநூல் அவர்களுக்கு உதவவில்லை, எழுத்து பொடி, மொழி கனம்.

பெரிய குறை, வயதுக்கு வருவதைப் பற்றி ஒரு அட்டைகூட இல்லை. தரம் 5 படிக்கும்போதே சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது, பயந்து அழுதுகொண்டு நிற்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அப்புறம் அட்டையின் தரம். எங்கள் மழைக்கும் பனிக்கும் இரண்டாம் மாதமே ஓரங்களில் லெமினேட்டிங் விட்டுவிட்டது. என் பெட்டியில் ஒரு அட்டை குறைவு, ஒன்று இரண்டு தடவை இருந்தது, கடையில் மாற்றித் தரவில்லை. கடையிலேயே பிரித்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள், பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். 5க்கு 3 கொடுப்பேன், அந்த 3இல் ஒன்று முழுக்க ஐந்து விரல் அட்டைக்கே.