எட்டுத் திருகுத் தொல்லை: பழைய ஜப்பான் பி-பேஸும் சிங்கப்பூர் ஈரமும்

“பழைய ஜப்பான் பி-பேஸ் ஒன்னு கைக்கு வந்திருக்குண்ணே, பிரிட்ஜை மட்டும் தூக்கிட்டுப் புதுசு போட்டுடவா?” என்று தம்பி ஒருவன் கேட்டதற்கு எழுதிய பதில் இது. பி-பேஸ் என்பது நான்கு கம்பி பேஸ் கிட்டார்; பிரிட்ஜ் அதன் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம். நீளம் கூடிவிட்டது. பழி அந்தப் பிரிட்ஜுக்கே.

பேச்சு 1984க்கும் 1987க்கும் இடையில் ஜப்பானின் ஃபூஜிஜென் ஆலையில் செய்த, ‘ஈ’ வரிசை எண் கொண்ட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைப் பற்றி. 34 அங்குலக் கம்பி நீளம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டாகப் பிளந்தது, ஒரு வால்யூம், ஒரு டோன் எல்லாம் தெரிந்த கதை. கழுத்துப் பகுதியான நெக் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சொன்னபடி கேட்கிறது. பிக்கப்பின் ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சல் மொத்தமும் பிரிட்ஜில் நிற்கும் எட்டுக் குட்டித் திருகுகளில் இருக்கிறது. கம்பி உட்காரும் சேடலுக்கு இரண்டு வீதம் நான்கு சேடலுக்கு எட்டு. தலையில்லாத் திருகுகள், ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு.

மடித்த இரும்புத் தகடு, அதன்மேல் நான்கு தனிச் சேடல் என்ற இந்த அமைப்பு 1957இல் வந்தது. அதற்கு முன்பு 1951 முதல் இரண்டே சேடல்தான், ஒன்றில் இரண்டு கம்பி. கலிஃபோர்னியாவின் காய்ந்த காற்றில் உட்கார்ந்து வரைந்தவருக்குச் சிங்கப்பூர் ஈரம் தெரிய நியாயமில்லை. இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத மதியத்தில் 60 வரை இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே இரும்பு வியர்த்துவிடும். அதற்கு மேல், கம்பியை அடக்க வலது கையின் அடிப்பகுதியைப் பிரிட்ஜில் சாய்த்து வாசிப்பவர்களின் உப்பு வியர்வை நேராகத் திருகின் குழிக்குள் இறங்குகிறது. அதனால்தான் எந்தப் பழைய பேஸை எடுத்துப் பார்த்தாலும் தடித்த ஈ, ஏ கம்பிச் சேடல்களின் திருகுகள் முதலில் கறுத்துப்போயிருக்கும்; ஜி கம்பிப் பக்கம் ஓரளவு பளபளப்போடு நிற்கும்.

துரு பிடித்தால் திருகு இறுகும், சரி. ஆனால் நன்றாக இருக்கும் திருகு இறங்கிவிடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். நான்கு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவை. அதில் ஒரு பங்கு சேடலைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஒவ்வொரு அடியிலும் அதிர்வு வேறு. மரையை (திருகின் சுருள் பள்ளத்தை) பிடித்துவைக்க ஒன்றும் இல்லாததால் திருகு மெல்ல மெல்லச் சுழன்று இறங்குகிறது. ஒரு பக்கம் இறங்கியதும் சேடல் சாய்ந்து, பாரம் முழுவதும் மறு பக்கத் திருகின் தலையில் விழுகிறது. பாரமில்லாத திருகு உள்ளே கிடந்து ‘ஜிர்ர்’ என்று அதிரும். அதைக் கேட்டுவிட்டு ஃப்ரெட் (நெக்கின் குறுக்குக் கம்பி) சரியில்லை, நெக் வளைந்துவிட்டது என்று நெக்குக்குள் ஓடும் இரும்புக் கோலான டிரஸ் ராடைத் திருக ஆரம்பிப்பவர்கள் ஏராளம். ஃபெண்டரின் பழைய நெக்கில் டிரஸ் ராட் முனை உடம்புப் பக்கம் இருக்கிறது. அதைத் தொட நெக்கையே கழற்ற வேண்டும். தேவையில்லாத வேலை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சத்தம் போடும் கம்பியை ஃப்ரெட்டில் விரல் வைக்காமல் அடித்துக்கொண்டே, ஒரு பல்குச்சியால் அந்தச் சேடலின் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் நின்றால் குற்றவாளி அந்தத் திருகுதான்.

சரி, புதுத் திருகு வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் அடுத்த குழி. ஜப்பான் பேஸில் இருப்பது எம்3 திருகு: விட்டம் 3 மி.மீ, மரை இடைவெளி 0.5 மி.மீ, 1.5 மி.மீ அலன் கீ (அறுகோணத் திருப்புளி). அமெரிக்க பேஸில் இருப்பது 6-32 என்ற அங்குல அளவு: விட்டம் ஏறக்குறைய 3.5 மி.மீ, இடைவெளி 0.79 மி.மீ, கீ பதினாறில் ஒரு அங்குலம், அதாவது 1.59 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அமெரிக்கத் திருகு ஜப்பான் சேடலில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும். ஜப்பான் திருகை அமெரிக்கச் சேடலில் போட்டால் மரை சரியாகப் பிடிக்காமல் ஆடும். 1.5 கீயை 1.59 குழியில் விட்டுத் திருகினால் குழி வட்டமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. ‘விண்டேஜ் பேஸ் சேடல் திருகு, எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விளம்பரம் போட்டு 6-32 அனுப்பும் இணைய விற்பனையாளர்களை என்ன சொல்ல? பெரிய தளங்களில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால், மூன்று வெள்ளி விலையுள்ள திருகுக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனி.

நியாயமாகச் சொன்னால், இந்த விஷயத்தில் ஜப்பான் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே அதிர்ஷ்டம். எம்3 துருப்பிடிக்காத எஃகுத் திருகு ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அங்குல அளவுதான் ஊரெல்லாம் தேட வைக்கும். வாங்கும்போது ஏ2, ஏ4 என்று இரண்டு தரம் இருக்கும். வியர்வை உப்புக்கு ஏ4 தாக்குப்பிடிக்கும். நீளம் 8, 10, 12 மி.மீ மூன்றிலும் கொஞ்சம் வாங்கிவையுங்கள். இந்த நெக்கின் ஃப்ரெட்போர்டு 7.25 அங்குல வளைவு, அதனால் நடுவில் உள்ள ஏ, டி சேடல்கள் உயரமாக நிற்கும், ஓரத்தில் இருப்பவை தாழ்ந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் போட்டால் ஓரத்துத் திருகுகள் சேடலுக்கு மேல் முளைத்து உள்ளங்கையைக் கீறும்.

இறுகிப்போன பழைய திருகைக் கழற்றும்போது அவசரம் கூடவே கூடாது. முதலில் கம்பிகளைத் தளர்த்தி, தகட்டின் பின்சுவரிலிருந்து ஒவ்வொரு சேடலும் எத்தனை மி.மீ தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். தமிழ்த் திரைப்பாடல்களின் பேஸ் வரிகள் மேல் ஃப்ரெட்டுகளுக்கு ஏறி இறங்குபவை. இந்த அளவு தவறினால் அங்கே சுருதி விலகும். பிறகு பின்னாலிருந்து வரும் நீளத் திருகைக் கழற்றிச் சேடலைத் தனியே எடுங்கள். ஜப்பான் திருகுகளின் கூட்டல் குறித் தலை ஜிஸ் (ஜப்பான் தொழில் தரநிலை) வகை. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைக் கெடுத்துவிடும். வெசல் மாதிரி ஜப்பான் திருப்புளி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. சேடலைக் கழற்றாமல், பேஸின் மேலேயே எண்ணெய் அடிக்கும் பழக்கம் வேண்டாம். அது தகட்டுக்கு அடியில் புகுந்து மரத்தில் ஊறும்.

தனியே எடுத்த சேடலை ஒரு சின்ன பாட்டிலில், துரு தளர்த்தும் எண்ணெயில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஊற வையுங்கள். சாதாரண டபிள்யூடி-40 இதற்கு அவ்வளவாகப் போதாது. துருவுக்கென்றே விற்கும் வகை வேண்டும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, சோல்டரிங் அயன் முனையைத் திருகின் மேல் அரை நிமிடம் வையுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது துரு உடையும். இப்போது கழற்றும் திசையில் திருகாதீர்கள். முதலில் இறுக்கும் திசையில் எட்டில் ஒரு சுற்று, அதற்கப்புறம் எதிர்த்திசை. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் விரலுக்குத் தெரியும். அதற்கு மேல் வெண்ணெயில் போவதுபோல் வரும். குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டதென்றால் நட்சத்திர வடிவ டி6 டார்க்ஸ் முனையை மெல்லத் தட்டி இறக்கித் திருகிப் பார்க்கலாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்திசையில் சுழன்று துளைக்கும் இடதுகைத் துளையூசிதான் கடைசி வழி. மரை கெட்டுவிட்டால் 2.5 மி.மீ துளையும் மரை வெட்டும் எம்3 டாப்பும் போதும். ஆனால் அந்த அளவுக்கு வந்தபின் புதுச் சேடல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

புதுத் திருகைப் போடும்போது மரையைப் பிடிக்கும் பசையான ஊதா நிற லாக்டைட் 222 ஒரே ஒரு சொட்டு. இதுதான் மொத்தப் பிரச்சினைக்கும் மருந்து என்று துணிந்து சொல்லலாம். திருகு இறங்காது, மரைக்குள் வியர்வையும் புகாது. நீலமோ சிவப்போ வேண்டாம்; சிவப்பைப் போட்டால் அடுத்த முறை சூடாக்காமல் கழற்ற முடியாது. துருப்பிடிக்காத எஃகில் லாக்டைட் மெதுவாகத்தான் இறுகும், அதனால் உயரத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

உயரத்துக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு: இந்த 7.25 அங்குல வளைவுக்கு 17ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பி சுமார் 2.8 மி.மீ, ஜி கம்பி 2.4 மி.மீ. எம்3 திருகை முழுச் சுற்றுச் சுற்றினால் சேடல் 0.5 மி.மீ உயரும், 17ஆம் ஃப்ரெட்டில் அது 0.3தான். எனவே கால் சுற்றுக் கணக்கில் வேலை செய்யுங்கள், இரண்டு திருகையும் சமமாக. கடைசியில் இரண்டிலும் பாரம் இருக்கிறதா என்று விரலால் சேடலை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒன்று தொங்குகிறது என்று அர்த்தம்.

இப்போது தம்பியின் கேள்விக்கு. கோட்டோ 201 போன்ற கனமான பிரிட்ஜ் அதே ஐந்து திருகு இடத்தில் உட்காரும் வகை. ஆனாலும் பழைய தகட்டை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். துளை ஒரு மி.மீ விலகினால் மரக்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்துப் புதிதாகத் துளையிடுவதே முறை. மரத்திருகுகளின் மரையில் கொஞ்சம் மெழுகு தடவி இறக்குங்கள். இல்லையென்றால் தலை முறியும். தகடு தடிமன் கூடியதால் சேடலின் மிகத் தாழ்ந்த நிலையும் உயரும், சில பேஸ்களுக்கு நெக் குழியில் அரை மி.மீ தடிமனில் ஒரு துண்டு வைத்து நெக்கைச் சாய்க்க வேண்டியிருக்கும். தகட்டின் அடியில் வரும் எர்த் கம்பியை நசுங்கவிடாதீர்கள். பிரிட்ஜுக்கும் கேபிள் செருகும் ஜாக்கின் வெளிப்பகுதிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பி-பேஸின் பிளவு பிக்கப் இயல்பிலேயே இரைச்சலை ஒழிப்பது. மாட்டியபின் 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால் பிக்கப்பைத் திட்ட வேண்டாம், இந்தக் கம்பியைப் பாருங்கள்.

பலன்? சேடல் பக்கவாட்டில் நகராது. பலமாக அடித்தாலும் கம்பி தன் பள்ளத்திலேயே இருக்கும். பழைய சுருள்மரைச் சேடலில் கம்பி பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவுவது சகஜம். சுரம் நீண்டு ஒலிக்கிறது. சமூக மன்ற மேடையில் மூன்று மணி நேரம் வாசித்தாலும் உயரம் அப்படியே நிற்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் புது பிரிட்ஜ் மேல்.

மற்ற பாகங்களைப் பற்றி இரண்டு வரி. வால்யூம் கரகரத்தால் உடனே மாற்றாதீர்கள், மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் டீஆக்சிட் ஒரு துளி விட்டு இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் சிம் லிம் டவரில் 250கே பாட் (குமிழால் திருப்பும் மின்தடை), 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கிடைக்கும். ஆனால் ஜப்பான் பாட்டின் தண்டு 6 மி.மீ பல்வெட்டு, அமெரிக்க சிடிஎஸ் பாட் கால் அங்குலத் தண்டு. பழைய குமிழ் அதில் ஏறாது, துளையும் அகலப்படுத்த வேண்டும். பிக்கப்பின் அடியில் உள்ள பழைய நுரைப்பஞ்சு பிசின்போல் உருகியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், ஈரத்தை அது பிடித்துவைக்கும். இரண்டு பாதியும் தொடராக இணைந்தவை, ஒன்றின் கம்பி துருவில் அறுந்தாலும் நான்கு கம்பியும் ஊமையாகும்.

கேமராவுக்கு வாங்கும் ஈர நீக்கிப் பெட்டியில் பேஸ் நுழையாது. கடினப் பெட்டிக்குள் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, மலிவான ஈரமானி ஒன்று; அது 50 விழுக்காடு காட்டினால் போதும். வாசித்து முடித்ததும் காய்ந்த தூரிகையால் சேடலைத் தட்டித் துடைப்பது. அவ்வளவுதான்.

இத்தனையும் எழுதிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருக்கும் இதே வகை பேஸில் இப்போது மாட்டியிருப்பது பழைய தகடுதான். புது பிரிட்ஜில் சுரம் நீண்டதே தவிர, பி-பேஸுக்கென்றே உள்ள அந்த ‘தொம்’ என்று விழுந்து உடனே அடங்கும் தன்மை கொஞ்சம் மழுங்கிவிட்டது. ஆம்ப்பில் இதை வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள். வாசிக்கும் விரலுக்குத் தெரிகிறது. ஆகவே பழையதே திரும்ப ஏறியிருக்கிறது, லாக்டைட்டும் ஏ4 திருகும் சேர்த்து. இவ்வளவு செய்தும் ஈ சேடலின் வெளித் திருகு கால் சுற்று இறங்கியிருக்கிறது, எழவு.

தம்பி, புது பிரிட்ஜ் பெட்டியோடு சும்மா கிடக்கிறது. கடையில் வாங்காதே, வந்து எடுத்துக்கொள். மாட்டிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் எம்3 எட்டும் தருகிறேன், 10 மி.மீ.