எரிக் தளத்தில் கல்வி ஆய்வுக் கட்டுரை தேடுபவர்களுக்கு, ஓராண்டு பயன்படுத்திய பிறகு எழுதுவது

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு நடத்துகிறோம், அதையே பகுதி நேர முனைவர் பட்டத்துக்குத் தலைப்பாகவும் எடுத்திருக்கிறேன். லிட்ரேச்சர் ரிவ்யூவை, அதாவது முன்பு நடந்த ஆய்வுகளைத் தேடிப் படிப்பதை, எங்கே தொடங்குவது என்று கேட்டபோது கைடு சொன்ன முதல் பெயர் எரிக் (ERIC).

அமெரிக்க அரசு 1960களிலிருந்து நடத்திவரும் கல்வித் தரவுத்தளம் இது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன, காசு கிடையாது, லாகின் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் போனை வைத்துக்கொண்டே தேடலாம். நான் ஆய்வு செய்யும் இடத்தில் சந்தா கட்டிய தரவுத்தளங்கள் உண்டு, ஆனால் வளாகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும். வார நாளில் பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார முடியாது என்பதால் எனக்கு எரிக்தான் நூலகம்.

முதல் இரண்டு வாரம் சரியாக எதுவும் சிக்கவில்லை. ஈராசிரியர் பள்ளி என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுத் தேடினேன், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தை நடத்தும் டீம் டீச்சிங் பற்றிய கட்டுரைகளாக வந்து விழுந்தன. அப்புறம்தான் தேடல் பெட்டிக்கு மேலே இருக்கும் தெசாரஸ் என்ற சொற்பட்டியல் பக்கத்தைத் திறந்தேன். எரிக்கில் சேரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஸ்க்ரிப்டர் என்று நிலையான பொருள் சொற்களை ஒட்டிவிடுகிறார்கள், எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் சரி. என் விஷயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘மல்டிகிரேடட் கிளாசஸ்’, பல வகுப்புகள் ஒன்றாக நடப்பது. ‘ஒன் டீச்சர் ஸ்கூல்ஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டையும் போட்டதும் பக்கம் பக்கமாக வந்தது பாருங்கள், அன்று தூங்கவே மனம் வரவில்லை.

நம் ஊர் பற்றித் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஆய்வு எதுவானாலும் அதற்கு ‘ஃபாரின் கன்ட்ரீஸ்’ என்ற டிஸ்க்ரிப்டர் விழும், பிரேசில், கென்யா, இந்தியா எல்லாம் அதற்குள் ஒன்றுதான். ஆகவே அதை நம்பாமல் பக்கவாட்டில் இருக்கும் லொகேஷன் பட்டியலில் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்திய ஆய்வுகள் குறைவாகத்தான் வரும், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்காவுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் எரிக்கில் மட்டுமே கிடைப்பவையும் இருக்கின்றன. பதிவு எண் இஜே (EJ) என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை, இடி (ED) என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுத் தாள், கையேடு மாதிரியானவை. ஒரு காலத்தில் கிராமப்புறக் கல்விக்கும் சிறு பள்ளிகளுக்கும் என்றே எரிக்கில் தனிப் பிரிவு இயங்கியது, அதனால் அந்த இடி ஆவணங்களில் என் தலைப்புக்குப் புதையலே இருக்கிறது. பழையவை மைக்ரோஃபிஷ் என்ற, பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த பிலிம் தாளிலிருந்து ஸ்கேன் செய்தவை, தட்டச்சு எழுத்து மங்கித்தான் தெரியும், பெரிதாக்கிப் படிக்க வேண்டும். ஒரே அறையில் எட்டு வகுப்பு நடத்தியவர்கள் நேரத்தை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று அவற்றில் படித்துத்தான் என் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் நேரத்தை மாற்றினேன்.

பியர் ரிவ்யூட், அதாவது துறை வல்லுநர்கள் பரிசீலித்தவற்றை மட்டும் காட்டும் பெட்டியில் எடுத்த எடுப்பிலேயே டிக் போடாதீர்கள். அந்தக் குறிப்பு 2004-க்குப் பிறகு சேர்ந்தவற்றுக்குத்தான் உண்டு, டிக் போட்டால் பழைய நல்ல கட்டுரைகள் எல்லாம் மறைந்துவிடும். இஜே கட்டுரைகள் பலவற்றுக்குச் சுருக்கம் மட்டும்தான் இங்கே இருக்கும், முழுக் கட்டுரைக்குப் பதிப்பாளர் தளத்துக்குப் போனால் பணம் கேட்பார்கள். அப்படி மாட்டிக்கொண்ட நான்கு கட்டுரைகளுக்கு எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் போட்டேன், மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பின்தொடர இங்கே வழியில்லை, அதற்கு கூகுள் ஸ்காலர்.

2025-ல் அமெரிக்க அரசு எரிக்கின் நிதியில் கைவைத்தது. அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது, எனக்குத் தேவையான இடி ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.