அளவெடுத்துப் பின்னிய அழுத்தக் காலுறை: அம்மாவின் காலிலும் என் காலிலும் 14 மாதங்கள்

லிபிடீமா, அதாவது கால்களில் கொழுப்புத் திசு இருபுறமும் ஒரே அளவில் வலியோடு பெருக்கும் நோய், உள்ள நானும் என் அம்மாவும் கடந்த 14 மாதங்களாக ஒரே இடத்தில் அளவு கொடுத்துச் செய்வித்த ‘ஃப்ளாட் நிட்’ (தட்டைப் பின்னல்) வகை அழுத்தக் காலுறைகளை அணிந்து வருகிறோம். எனக்கு நோய் இரண்டாம் நிலையில் இருக்கிறது. அம்மாவுக்கு மூன்றாம் நிலை. நூலும் பின்னலும் ஒன்றாக இருந்தும், இரண்டு பேர் காலிலும் அது தந்த பலன் ஒன்றாக இல்லை. துணிக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு ஒவ்வொரு நிலையிலும் வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். இந்த மதிப்புரை ஒரு நிறுவனத்தைப் பற்றியது என்பதைவிட இந்தப் பின்னல் வகையைப் பற்றியது என்று கொள்ளலாம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1940-ஆம் ஆண்டிலேயே இந்த நோய்க்குப் பெயரிட்டு விவரித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அம்மாவின் கால்களுக்குச் சரியான பெயர் கிடைத்தபோது அவருக்கு வயது 58. அதுவரை ‘சோற்றைக் குறையுங்கள்’ என்ற அறிவுரையையே கேட்டுக் கேட்டு, இரவு உணவை அடியோடு விட்டு, முகமும் தோளும் மெலிந்த பிறகும் இடுப்புக்குக் கீழே ஓர் அங்குலம்கூடக் குறையாமல் அவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறை யானைக்கால் நோயாக இருக்குமோ என்று இரவில் இரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் அதிகமாகவும் மறு காலில் குறைவாகவும் இருக்கும். பாதத்தையும் அது விட்டுவைக்காது. அம்மாவுக்கோ இரண்டு கால்களும் ஒரே அளவில் பருத்திருந்தன, பாதங்கள் மட்டும் பழையபடி மெலிந்தே இருந்தன. கொலுசு தங்குகிற இடத்தில் சதை வளையம்போல் நின்று, அதற்குக் கீழே பாதம் வேறொருவருடையது போலத் தொடங்கும். அந்த ஓர் அடையாளத்தை முதலில் கவனித்தவர் நிணநீர்ச் சிகிச்சை அளிக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். அன்று உடன் போயிருந்த என் கால்களையும் அவர் பார்த்தார்.

முதல் நிலையில் தோல் வழவழப்பாகவே இருக்கும். ஆனால் தொடையை இரு விரல்களுக்கு இடையே மெல்ல உருட்டினால் ஊறவைத்த ஜவ்வரிசியை மெல்லிய துணிப்பையில் கட்டியதுபோல் உள்ளே சிறு சிறு மணிகள் தட்டுப்படும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது, பூப்பெய்திய ஓராண்டுக்குள். உள்ளே நடப்பதை ஆய்வுகள் ஓரளவு காட்டியிருக்கின்றன: கொழுப்புச் செல்கள் அளவில் பெருக்கின்றன; அவற்றுக்கு இடையே உள்ள நுண்ணிய இரத்தத் தந்துகிகள் விரிந்து எளிதில் கசிகின்றன; அந்தக் கசிவு செல்களுக்கு நடுவே தேங்குகிறது; நலிந்து மடியும் கொழுப்புச் செல்களைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் கிரீடம்போல் கூடி நிற்கின்றன. கட்டிலின் விளிம்பு இலேசாக உரசினாலும் என் கால் கன்றி நீலமாகிவிடுவதற்கும், குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தாலே வலி உயிர்போவதற்கும் இந்தத் தந்துகிகளும் அழற்சியும்தான் காரணம் என்று அறிந்த அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாம் நிலையில் மணிகள் பெரிதாகின்றன, தோல் மேடும் பள்ளமுமாகிறது. என் கால்கள் இப்போது அங்கே நிற்கின்றன.

அம்மாவின் கால்களில் திசுவின் தன்மையே மாறிவிட்டது. நீண்ட கால அழற்சி, கொழுப்பைப் பிரிக்கும் மெல்லிய இணைப்புத் திசுச் சுவர்களைத் தடிக்கச் செய்து, அவற்றுக்கு இடையே நார் படிய வைக்கிறது. அதனால் தொடையின் உட்புறத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் தெளிவாகக் கைக்குத் தட்டுப்படுகின்றன. முழங்காலின் உட்பக்கத்தில் கொழுப்பு ஒரு மடலாகத் திரண்டு தொங்குகிறது; நடக்கும்போது இரண்டு மடல்களும் உரசுவதால் அவர் கால்களை அகட்டி வைத்தே நடப்பார். இதற்கும் அப்பால் ஒரு கட்டம் உண்டு. பெருத்து இறுகிய திசு, தேங்கும் நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்களின் வேலையைத் தடுக்கத் தொடங்கும்போது, அதுவரை தப்பியிருந்த பாதமும் வீங்குகிறது. சென்ற ஆண்டு முதல் அம்மாவின் இடது புறங்காலில் மாலை நேரத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இந்தப் படிகளில் எல்லோரும் ஏறியே தீருவார்கள் என்பதில்லை, பல பெண்களுக்கு முதல் நிலையோடு நின்றும் விடுகிறது.

நிலையை வைத்து வலியை அளக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவரில் வலி அதிகம் எனக்குத்தான். தோலின் தோற்றத்தைக் கொண்டு பிரிக்கும் இந்த நிலைகள் நோயாளி படும் துன்பத்தின் அளவைக் காட்டுவதில்லை என்று ஜெர்மனியில் 2024-இல் வெளியான மருத்துவ வழிகாட்டியும் கூறுகிறது.

முதலில் நாங்கள் ஏமாந்தோம். மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், வெரிகோஸ் நரம்புக்குத் தருகிற சாதாரணக் காலுறையைக் கெண்டைக்காலை மட்டும் அளந்து இருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். அது வட்டமாகப் பின்னப்படும் வகை. மேலிருந்து கீழ்வரை கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது, நூலை இழுத்துத்தான் அகலம் காட்டுவார்கள். என் காலில் அது ஒருவாறு நின்றது. அம்மாவுக்கு மூன்றாம் நாளே முழங்கால் மடலுக்குக் கீழே சுருண்டு, கயிறு கட்டியதுபோல் இறுகி, கழற்றியபோது அந்தப் பள்ளத்தில் தோல் உரிந்திருந்தது. மடிப்பும் மடலும் உள்ள காலில் இந்த வகைத் துணி மடிப்புக்குள் புகுந்து வெட்டும் என்பதை விற்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஃப்ளாட் நிட் வகையில் துணியைத் தட்டையாக, வரிசை வரிசையாகப் பின்னுகிறார்கள். கால் அகலும் இடத்தில் கண்ணிகளைக் கூட்டியும், ஒடுங்கும் இடத்தில் குறைத்தும் பின்னி, கடைசியில் பின்புறம் ஒரு தையலால் மூடுகிறார்கள். துணி தடிமனாகவும் விறைப்பாகவும் இருப்பதால் மடிப்புக்குள் நுழையாமல் அதன் மேல் பாலம்போல் நிற்கிறது. அளவெடுக்கக் காலை ஏழரை மணிக்கே வரச் சொன்னார்கள், வீக்கம் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டுமாம். கணுக்கால் முதல் தொடை வரை ஒவ்வோர் இடத்திலும் பேனாவால் கோடு போட்டு, சுற்றளவையும் உயரத்தையும் குறித்தார்கள். அளந்த பெண்மணி என் தொடையில் டேப்பைச் சற்று இழுத்துப் பிடித்தார். அம்மாவின் கெண்டைக்காலில் இழுக்காமல் தோலைத் தொடும்படி மட்டும் வைத்தார். மெத்தென்ற திசு அழுத்தினால் உள்வாங்கும், நார் படிந்த திசு அசையாது, அதே இழுப்பில் இரண்டையும் அளந்தால் ஒன்று தளரும் மற்றொன்று வலிக்கும் என்று அவரே விளக்கினார். இந்தச் சேவையில் நான் கொடுத்த பணத்துக்கு மதிப்பு அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருந்தது.

எனக்கு முதல் வகுப்பு அழுத்தம், அதாவது கணுக்காலில் 18 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு. அம்மாவுக்கு இரண்டாம் வகுப்பு, 23 முதல் 32 வரை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், காலின் தமனிகளில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் பரிசோதனை செய்த பிறகே மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

என் காலில் கிடைத்த பலன் தெளிவானது. மூன்றாம் வாரத்தில் மாலை நேரக் கனம் குறைந்தது, ஆறாம் வாரத்தில் அலுவலகத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வீடு திரும்ப முடிந்தது. சுற்றளவு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்த உடை கொழுப்பைக் கரைக்காது; திசுவைத் தாங்கிப் பிடித்து, நடக்கும்போது தசைகளோடு சேர்ந்து தேங்கிய நீரை நகர்த்தி, வலியைத் தணிக்கும். கால் மெலியும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் மனம் உடைந்துபோவார்கள்.

அம்மாவுக்குப் பலன் வேறு வகையில் வந்தது. முழங்கால் மடல்களைத் துணி தூக்கிப் பிடித்ததால் உரசல் நின்றது, உட்தொடைப் புண் ஆறியது, நடை நேரானது. இறுகிய கட்டிகளை இளக்க மட்டும் அதனால் முடியவில்லை, ஒரு முறை படிந்த நாரை எந்தக் காலுறையும் கலைக்கப் போவதில்லை. ஆர்டர் கொடுத்தபோது எங்கள் கவனத்தில் விடுபட்டது அவருடைய பாதம். லிபிடீமாவில் பாதம் தப்பிவிடும் என்ற எண்ணத்தில் இருவருக்கும் கணுக்காலோடு முடியும்படி செய்யச் சொன்னோம். என் பாதத்துக்கு அது போதும். நிணநீர் தேங்கத் தொடங்கிவிட்ட அவருடைய இடது காலில் மேலிருந்து வந்த அழுத்தம் நீரைக் கீழே தள்ளி, புறங்கால் முன்னைவிட அதிகமாக வீங்கியது. புறங்காலில் குழி விழுந்தால் பாதம் மூடிய காலுறைதான் வேண்டும்.

சென்னை வெயிலில் இதை நாள் முழுதும் அணிவது கடினம். சித்திரை, வைகாசியில் நாங்கள் காலை ஆறு மணிக்குப் போட்டு நண்பகலில் கழற்றிவிட்டோம். குளித்தவுடன் ஈரக்காலில் ஏறாது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நகம் படாமல் உள்ளங்கையால் நீவி நீவி ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு நான் போட்டுவிட 20 நிமிடம் ஆகிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் முழங்கால் மடிப்பில் தையல் உறுத்துகிறது. தினமும் கையால் அலசி நிழலில் உலர்த்துகிறோம். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் தொடுவதே இல்லை. விலை எங்கள் வீட்டு மாத வாடகையைவிட அதிகம், ஆறு மாதத்தில் பிடிப்புத் தளர்ந்துவிடுகிறது என்பதால் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய பாரம்.

மூன்றாவது ஜோடிக்குச் சென்ற வாரம் அளவு கொடுத்தோம். எனக்குப் பழைய அமைப்பே. அம்மாவுக்கு இடது காலில் பாதம் மூடியும், முழங்காலுக்குப் பின்னால் மென்மையான துணி வைத்துத் தைத்தும் தரச் சொல்லியிருக்கிறோம். அளந்த பெண்மணி இந்த முறை கோடு போடத் தொடங்கும் முன்பே அம்மாவின் புறங்காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.