பத்தடி பிரேம் பூலைக் கழற்றி மடித்து வைப்பது: வேலூர் வெயிலிலும் மழையிலும் நான்கு ஆண்டு அனுபவம்

காட்பாடிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், இரண்டு தென்னைகளுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட இடத்தில், 2021 மார்ச் மாதம் பத்தடி விட்டமும் முப்பது அங்குல உயரமும் கொண்ட பிரேம் பூல் ஒன்றை நிறுத்தினோம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மூன்றடுக்கு பிவிசி விரிப்பு தொங்கும் வகைச் சிறு நீச்சல் குளம் அது. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் ஏறத்தாழ 4,485 லிட்டர் பிடிக்கும். ஊரடங்குக் கோடையில் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வரமாக இருந்தது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. வாங்கும்போது எவரும் நினைத்துப் பார்க்காத வேலை ஒன்று உண்டு: பருவம் முடிந்ததும் அதைக் கழற்றிக் காயவைத்து, அடுத்த பங்குனி வரை கெடாமல் வைத்திருப்பது. அதை நான்கு முறை செய்திருக்கிறேன். முதல் முறை செய்தது முழுக்கத் தவறு.

தவறுக்குப் பாதிக் காரணம், கூடவே வந்த கையேடு குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டிருந்தது. தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் சுமார் ஒன்பது விழுக்காடு கூடும், பம்பும் குழாய்களும் வெடிக்கும், ஆகவே பனி விழுமுன் கழற்றிவிடுங்கள் என்பதே அதன் அறிவுரை. மார்கழி விடியற்காலையில்கூட நம் ஊரில் கம்பளி ஒன்று போதும் என்பதால், கழற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று முடிவுகட்டி, தீபாவளி கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நமக்குப் பகை பனியன்று. வடகிழக்குப் பருவமழையும் கொசுவும் எலியும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் மழையை வேலூர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாறு, இருகரையும் தொட்டு ஓடிய மாதம் அது. எங்கள் குளத்தில் தென்னம்பாளையும் வேப்பஞ்சருகும் மிதந்தன. பிளீச்சிங் பவுடர் போட்டுப் பல நாளாகியிருந்தது. கொசுப்புழு பார்க்க வீடுவீடாக வரும் பணியாளர் அம்மா டார்ச் அடித்துக் காட்டியபோது, வெளிச்சம் பட்ட இடத்தில் புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின. "சார், குழந்தைங்க இருக்கற வீடு. இன்னிக்கே கொட்டிடுங்க," என்றார். அன்றே கொட்டினேன். இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில் விரிப்பைச் சுருட்டி, கோணிப்பையில் திணித்து, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த மார்ச்சில் கோணியை அவிழ்த்ததும் முதலில் வந்தது நாற்றம். பிறகு, மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க, பழைய ரெக்சினைச் சீட்டிலிருந்து உரிப்பது போன்ற சத்தம். உள்பக்கத்தில் அச்சிட்டிருந்த நீலநிற டைல்ஸ் கோலம் சில இடங்களில் எதிர்மடிப்பில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்தது. மடிப்புக் கோடெங்கும் மிளகைத் தூவியதுபோல் கரும்பூசணம். ஒரு மூலையில் எலி கடித்த ஓட்டை, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு.

ஓட்டையைத் தெருமுனைப் பஞ்சர் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் சொல்யூஷன் தடவி ரப்பர் ஒட்டித் தந்தார். தண்ணீர் விட்ட ஒரே வாரத்தில் அது கழன்று மிதந்தது. ரப்பருக்கான பசை பிவிசியைப் பிடிக்காது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பைப் வேலைக்குப் பயன்படும் பசையும் ஆகாது, இறுகி விறைத்து மடிப்பில் வெடித்துவிடும். கடைசியில், லாரித் தார்ப்பாய் ஒட்டும் கடையில் அதே வகை பிவிசித் துண்டை வைத்துச் சூட்டில் ஒட்டித் தந்தார்கள். அது இன்றுவரை நிற்கிறது. ஆனால் பஞ்சர் கடைக்குப் போனது வீணாகவில்லை. புதிய டியூபுகளை அவர் வெள்ளைப் பவுடரில் புரட்டி மடித்து வைப்பதைக் கவனித்து ஏனென்று கேட்டேன். "ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும் சார், வெயில் காலத்துல பிரிக்கவே முடியாது," என்றார். என் குளத்துக்கு நேர்ந்ததும் அதுவே.

இப்போது நாங்கள் கழற்றும் நாள், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முந்தைய புரட்டாசியில் நம் பக்கம் பகலெல்லாம் சுள்ளென்று வெயிலடித்து, சாயங்காலம் இடியுடன் ஒரு மழை கொட்டுவது உண்டு. ஆகவே விடியலில் தொடங்கி மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளைகளும் அப்போதுதான் கைக்குக் கிடைப்பார்கள்.

தண்ணீரை வெளியேற்றுவதற்கு நான்கைந்து நாள் முன்பே பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்திவிடுகிறேன். வெயிலில் குளோரின் தானாகக் கழிந்துவிடும். ஐந்து நாளைத் தாண்டக் கூடாது, ஏனெனில் இந்த வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தென்னைகளுக்கு அந்தத் தண்ணீரை விடுகிறேன். எங்கள் போர் தண்ணீரில் உப்பு கூடுதல் என்பதால், கறிவேப்பிலைப் பக்கம் விட அம்மா சம்மதிப்பதில்லை. அரை அங்குல டியூப் வைத்துக் காத்திருந்தால் பகல் முழுதும் அதிலேயே போய்விடும். முந்தின நாள் மாலையே தொடங்கி, பாத்தி மாற்றி மாற்றி விடுவது நல்லது. அடியில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் எந்த வழியாகவும் தானாக வெளியேறாது. அதை மக்கில் மொண்டு, மாப்பில் பிழிந்துதான் எடுக்க வேண்டும். தண்ணீர் மிச்சமிருக்கும்போது குழாய்களைக் கழற்ற முயன்றால் விரிப்பின் காது கிழியும்.

சுத்தம் செய்வதில் இரண்டு செய்திகள். நீர்மட்டம் நின்ற இடத்தில் வளையமாகப் படியும் வெள்ளை உப்புக் கறைக்குக் கழிவறை ஆசிட்டைத் தொடவே வேண்டாம்; பித்தளைக்குத் தேய்ப்பது போல் புளிக்கரைசலும் தேங்காய் நாரும் போதும், ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. பிளீச்சிங் பவுடர் ஒட்டியிருக்கும் பரப்பில் எந்த ஆசிட் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஆகவே புளியையும் முதல்தரம் நன்றாக அலசிய பிறகே போடுகிறேன். இரண்டாவது, டெங்குக் கொசு தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கிறது. அது காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீரில் பொரிக்கும். ஆதலால் அந்த வளையத்தைத் தேய்ப்பது அழகுக்கான வேலையன்று.

இனி காயவைப்பது. பொறுமை முழுவதும் செலவாகும் இடம் இதுவே. விரிப்பின் பரப்பு அரைமணியில் காய்ந்துவிடும், காய்ந்துவிட்டது என்று நம்மை ஏமாற்றவும் செய்யும். ஈரம் ஒளிந்திருப்பது மேல்விளிம்பில், குறுக்குக் குழாய்கள் நுழையும் உறைக்குள். இரண்டாம் ஆண்டு, தொட்டுப் பார்த்து எல்லாம் காய்ந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு, பெரியவன் ஒட்டடைக் கம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி அந்த உறைக்குள் விட்டு இழுத்தான். துணி முனையில் டீ டிக்காஷன் நிறத்தில் துருத் தண்ணீர் சொட்டியது. அன்றிலிருந்து கம்பும் வேட்டித் துணியும் எங்கள் கருவிகளில் சேர்ந்துவிட்டன. துடைத்த பிறகும் சந்தேகம் இருந்தால், செய்தித்தாளைச் சுருட்டி உறைக்குள் விட்டு இரவு வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். காலையில் தாள் மொடமொடப்பாக வந்தால் சரி. துவண்டு வந்தால் இன்னொரு நாள் வெயில்.

விரிப்பை மொட்டைமாடியில் பழைய புடவைகளை விரித்து, அவற்றின் மேல் போடுகிறோம். வெறுந்தளத்தின் சூடும் சிறுகற்களும் பிவிசிக்கு ஆகாது. மணிக்கொருதரம் புரட்டுகிறோம். (மாடி என்றதும் நினைவு வருகிறது: குளத்தையே மாடியில் வைக்கலாமே என்று மைத்துனர் கேட்டார். இரண்டேகால் அடித் தண்ணீர் சதுர மீட்டருக்கு 680 கிலோவுக்கு மேல். வீட்டு மொட்டைமாடிகளை வழக்கமாக 150 கிலோ அளவுக்கே கணக்கிடுகிறார்கள். காயவைக்க மட்டும் மாடி.) குளிர்நாடுகளில் விறைத்துப் போகும் விரிப்பை வெயிலில் வைத்து இளக்கி மடிக்கச் சொல்வார்கள்; நம் வெயிலில் நடுப்பகலில் அது பிசுபிசுவென்று கைக்கு ஒட்டும். நிழலில் ஆறவிட்டு, டால்கம் பவுடரைத் துணியால் தொட்டு இருபக்கமும் தேய்த்த பின்னரே மடிக்கிறோம். மடிப்புக் கோட்டை ஆண்டுதோறும் ஒரு சாண் தள்ளிப் போடுகிறேன். அழுத்தி மடிப்பதில்லை, போர்வை போலத் தளர்வாகத்தான்.

குழாய்களைச் சாய்த்து நிறுத்தி உள்ளே நிற்கும் நீரை வடித்து, துரு பிடித்த இடத்தை எமரித் தாளால் தேய்த்து ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறேன். ஒரு முறை துருவுக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். வீட்டு எறும்பு மொத்தமும் விருந்துக்கு வந்தது. எந்தக் குழாய் எங்கே என்பதற்கு என் மனைவி நகப்பூச்சால் எண் போட்டாள். பெர்மனென்ட் மார்க்கர் ஒரே கோடையில் வெளுத்தது, நகப்பூச்சு நான்காம் ஆண்டும் அப்படியே இருக்கிறது. ஊசிகளும் வாஷர்களும் மூடிபோட்ட பாட்டிலில். பம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: தண்ணீரைக் கவிழ்த்து வடித்து, ரப்பர் வளையங்களில் வாசலின் தடவி, பழைய பில்டரைத் தூக்கிப் போட்டுவிடுவது.

வைக்கும் இடம்தான் கடைசிச் சிக்கல். நாற்பது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைக்காதீர்கள் என்கிறது கையேடு. கத்திரியில் நிழலிலேயே நாற்பதைத் தாண்டும் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தப்பித்தாலும், ஏதோ ஓர் ஆண்டு குளத்தை எடுக்காமல் விட்டால் அங்கேயே வெந்துவிடும். வீட்டுக்குள் மாடிப்படிக்குக் கீழே, அகலவாய் நீல டிரம்மில் வைத்து, எலி நுழையாதபடி வளையப்பூட்டு மூடி போட்டிருக்கிறேன். மூடியில் நான்கு சிறு துளையிட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டியதால் புழுக்கம் இல்லை. டிரம்மின் மேல் எதையும் அடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன். பொங்கல் சமயத்தில் அதன்மேல் அரிசி மூட்டை ஏறிவிடுகிறது. பாச்சை உருண்டை போட வேண்டாம். ஒரு முறை போட்டதில் உருண்டை பட்ட இடம் மட்டும் இளகிப் பிசுபிசுத்துப் போனது. காய்ந்த நொச்சி இலை ஒரு பொட்டலம் போதும்.

நான்கு ஆண்டில் விரிப்பின் அடிப்பாகம் நன்றாகவே இருக்கிறது. தண்ணீருக்கு வெளியே வெயில் நேராகப் படும் மேல் நான்கு அங்குலம் வெளுத்து, விறைப்பு ஏறியிருக்கிறது. அதன் ஆயுள் முடிவது அங்கேதான் என்று நினைக்கிறேன். கோடையில் விளிம்பைச் சுற்றிப் பழைய வேட்டியைத் தொங்கவிட்டால் கொஞ்சம் தாங்கும். மறுபடி வாங்குவதானால் எட்டடி வகையையே வாங்குவேன். தண்ணீர் மிச்சம் என்பது ஒருபுறம் இருக்க, பத்தடியை இருவர் புரட்ட முடியாது, மூவர் வேண்டும். பெரியவன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு, காலாண்டு விடுமுறையிலும் அவனுக்குச் சிறப்பு வகுப்பு இருக்கிறது.