ஸ்டீரியோ கழற்றும் கிட்: காசு கொடுத்து வாங்கணுமா, டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டின் சக்கரக் கம்பியே போதுமா?

ஆன்லைனில் விற்கிற அந்தக் கருப்புப் பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜிப் வைத்த பை, திறந்தால் வரிசையாகத் தகட்டுச் சாவிகள், யு மாதிரி வளைத்த கம்பிகள், டேஷ்போர்டு ஓரங்களை நெம்புவதற்கு நீலக் கலர் பிளாஸ்டிக் பட்டைகள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று படத்து மேலேயே எழுதியிருப்பார்கள். விலை 500 ரூபாயை ஒட்டி. மாமாவின் பழைய ஃபோர்டில் கம்பெனியிலேயே மாட்டி வந்த ஸ்டீரியோவைக் கழற்ற வேண்டியிருந்தது, அதற்காக வாங்கினேன். பார்சல் வருகிற வரைக்கும் கை சும்மா இருக்கவில்லை, பழைய கம்பியை வைத்து நானே ஒரு ஜோடி யு கம்பி செய்துவிட்டேன். ரெண்டையும் அதே காரில் போட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முகப்பில் நாலு ஓட்டை இருக்கிற ஸ்டீரியோ செட்டுக்கு இந்தக் கிட் வேண்டியதே இல்லை. பையில் இருக்கிறதில் எனக்கு உருப்படியாகப் பட்டது அந்தப் பிளாஸ்டிக் பட்டைகள் மட்டும்தான்.

ஏன் பழசைக் கழற்றி ரிப்பேர் பார்க்க வேண்டும், புதுசு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். மாமாவின் செட்டில் வால்யூம் குமிழைக் கூட்டத் திருகினால் சத்தம் குறையும், சில நேரம் லேசாகத் தொட்டாலே அலறும். இந்த வயசு செட்டுகளுக்கு வழக்கமாக வருகிற வியாதிதான், குமிழுக்குப் பின்னால், திருகுவதைக் கணக்கெடுக்கிற என்கோடருக்குள் அழுக்கு சேர்ந்திருக்கும், வெளியே எடுத்துப் பிரித்து கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைக்குக் கொண்டுபோனால், "இதையெல்லாம் இப்ப யாருங்க பார்க்கறாங்க, ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்டுக்கங்க" என்றார்கள். மாமா கேட்டது ஒரே கேள்வி: "அதுல கோயமுத்தூர் ரேடியோ வருங்ளா?" எஃப்எம் வரும், ரெயின்போ 103 வரும், சூரியன் 93.5 வரும். அவர் கேட்டது மீடியம் வேவ் 999. விலை குறைந்த ஆண்ட்ராய்டு செட்டுகள் பலவற்றில் மீடியம் வேவே கிடையாது. அதற்குள் கடைப் பையன் ஒருத்தன் ஸ்க்ரூடிரைவரை செட்டின் ஓரத்தில் விட்டு நெம்பப் பார்க்க, மாமா சாவியை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் போட்ட நிபந்தனை, கீறல் விழக் கூடாது, திரும்ப அதே இடத்தில் உட்காரணும்.

ஸ்க்ரூடிரைவர் ஏன் உதவாது என்றால், இந்த செட்டுகளை முன்பக்கம் ஸ்க்ரூ எதுவும் பிடித்திருப்பதில்லை. 180க்கு 50 மில்லிமீட்டர் என்கிற அந்தப் பட்டையான அளவு ஜெர்மனியின் டின் (DIN) என்கிற தரக்கட்டுப்பாட்டு அளவில் வந்தது, பிறகு ஐஎஸ்ஓ 7736 என்று உலகத்துக்கே பொதுவானது. டேஷ்போர்டுக்குள் ஒரு தகரக் கூடு இருக்கும், செட் அதில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், ரெண்டு பக்கவாட்டிலும் இருக்கிற ஸ்பிரிங் தகடு கூட்டின் விளிம்பில் கொக்கி போட்டுக்கொள்ளும். முகப்பில் இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு என்று சின்ன ஓட்டைகள் தெரிகிறதே, அதன் வழியாகக் கம்பி போய் ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் கொக்கி விடும். ஓரத்தில் நெம்பினால் உடைவது முகப்பு பிளாஸ்டிக், கொக்கி அப்படியே இருக்கும்.

சரி, கம்பிக்கு வருவோம்.

எல்லாரும் சொல்வது துணி மாட்டுகிற ஹேங்கர் கம்பி. நாங்கள் இருப்பது திருப்பூர் பக்கம், ஹேங்கருக்கு இங்கே பஞ்சமே இல்லை, ஆனால் பனியன் கம்பெனியில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக். கம்பி ஹேங்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து வளைத்துப் பார்த்தேன். வளைக்க ரொம்ப சுகம், அதுதான் அதன் குறையும். மெத்தென்ற இரும்பு, வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டு இழுத்தால் செட்டுக்கு முன்னால் கம்பிதான் நிமிர்ந்து வருகிறது. குடைக்கம்பி இன்னும் மோசம், அது வெறும் மடித்த தகடு, திருகினால் நசுங்கிவிடும். சைக்கிள் போக்ஸ் கம்பி நல்ல விறைப்பு, வளைத்த வளைவு அப்படியே நிற்கும், ஆனால் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது, ஸ்பிரிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முடியாது என்றில்லை, பொறுமை வேண்டும்.

எனக்குச் சரியாக அமைந்தது டிவிஎஸ் எக்ஸெல் சக்கரத்துக் கம்பி. பால்கேன் கட்டிக்கொண்டும் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டும் ஓடுகிற வண்டி என்பதால் சைக்கிள் கம்பியைவிடத் தடிமனாகவே போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் பஞ்சர் கடையில் ரிம் மாற்றிய பழைய கம்பிகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். "எதுக்குங் தம்பி, ரெண்டு கம்பியை வெச்சு சக்கரம் கட்டப் போறீங்ளா?" என்று கடைக்காரர் கேட்டார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு விமர்சனம் என்றால் ஐந்துக்கு ஐந்து.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கத்து ரெண்டு ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள், அந்த இடைவெளிக்கு யு மாதிரி வளைக்க வேண்டும். மறை இருக்கிற முனையையும் குண்டாக இருக்கிற தலையையும் முதலில் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்ச் சிக்கும். வைஸில் பிடித்து வளைப்பது நல்லது, குறடு மட்டும் வைத்து வளைத்தால் ரெண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது, ஒரு கால் முன்னால் போய் இடிக்க இன்னொன்று ஸ்பிரிங்கைத் தொடவே தொடாது. உள்ளே 5 சென்டிமீட்டராவது போக வேண்டும், பிடித்து இழுக்க வெளியே கை கொள்ளும் அளவு நீட்டம் வேண்டும், ஆகவே கம்பியை வெட்டும்போதே தாராளமாக வெட்டுங்கள். முனையை அரத்தால் ராவி உருட்டிவிடுங்கள். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி முக்கோண அரத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டால் ஸ்பிரிங் அதில் விழுந்து பிடித்துக்கொள்ளும், கம்பெனிச் சாவியிலும் இப்படி ஒரு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாமலும் கழற்றலாம், பிடிப்புக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அரம் போட்ட இடத்தில் பிசிர் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், முகப்பில் கீறல் விழுவது பெரும்பாலும் அந்தப் பிசிரால்தான்.

ரெண்டு யு கம்பியையும் ஓட்டைக்குள் நேராக விட்டு, டக் என்று தட்டுப்படுகிற வரைக்கும் தள்ள வேண்டும். பிறகு இடது கம்பியை இடது பக்கமும் வலது கம்பியை வலது பக்கமும் லேசாக விரித்துப் பிடித்துக்கொண்டு ரெண்டையும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் செட் கோணிக்கொண்டு கூட்டுக்குள் இறுகிவிடும், அப்போது இன்னும் பலமாக இழுக்காமல் உள்ளே தள்ளி மட்டமாக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பாத்து மாப்ள, பாத்து" என்று சொல்லிக்கொண்டேயிருக்க, செட் தகரத்தில் உரசும் சத்தத்தோடு வழுக்கி வெளியே வந்தது.

அப்புறம் பார்சல் வந்தது. செட்டை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, கிட்டில் இருந்த யு கம்பியைப் போட்டேன். ஓட்டைக்கு அளவாகத்தான் இருக்கிறது, தட்டுப்படுவதும் நன்றாகவே தெரிகிறது, அந்த விஷயத்தில் என் கம்பியைவிட மேல். ஆனால் இழுக்கும்போது வளைகிறது. முலாம் பூசின மெத்தென்ற கம்பி, ஹேங்கருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழன்றது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ரெண்டு கம்பியும் அதோடு கோணிவிட்டன. ஓட்டையில்லாத டேஷ்போர்டு ஓரச் சட்டங்களை எடுக்கப் பிளாஸ்டிக் பட்டைகள் அருமை. மாருதி, ஹுண்டாய் மாதிரிக் காரில் பெரும்பாலும் இந்த நாலு ஓட்டை வேலையே இருக்காது, சுற்றியிருக்கிற சட்டத்தைக் கிளிப்பிலிருந்து விடுவித்தால் பின்னால் ஸ்க்ரூ தெரியும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி டேஷ்போர்டில் பல் பதிய வைப்பதைவிட இந்தப் பட்டை எவ்வளவோ தேவலை. பட்டைகளை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், விலையும் குறைவு.

மீதியிருக்கிற தகட்டுச் சாவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ஆடி செட்டுகள் சிலவற்றில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக மெல்லிய பிளவு இருக்கும், அதற்குத்தான் இந்தத் தகடுகள். ஹேக்சா பிளேடை உடைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தப் பிளவில் சாவி ஒரு தடவை பூட்டிக்கொண்டால் செட் வெளியே வந்த பிறகுதான் சாவியை விடுவிக்க முடியும், ஹேக்சா பிளேடோ வளையாது, பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும். அந்த வகைக் கார் வைத்திருக்கிறவர்கள் காசு கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் கிட்டையே வாங்கினாலும் தப்பில்லை.

செகண்ட் ஹேண்டில் ஆல்டோவோ சான்ட்ரோவோ வாங்கி, அதில் முந்தைய ஓனர் போட்ட சோனி, பயனியர் செட் இருந்து, கூடவே வந்த ரெண்டு தகட்டுச் சாவியும் தொலைந்துபோன கேஸ் வேறு. இது சுலபம். முகப்புச் சட்டத்தை எடுத்துவிட்டால் செட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும், ரெண்டு பக்கமும் மெல்லிய தகட்டை விட்டால் கழன்று வந்துவிடும். பழைய ஸ்டீல் ஸ்கேலை வெட்டிப் போடலாம். எங்கள் பக்கத்தில் ஆட்டோலூம் ஓட்டுகிறவர்கள் வீட்டில் டிராப் பின் கிடைக்கும், பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற அந்தத் தகடுதான். தனியாகப் போட்டால் வளையும், ரெண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டால் வேலை நடக்கும்.

செட் வெளியே வந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், பின்னால் ஆன்டெனா வயரும், மற்ற வயர்களையெல்லாம் சேர்த்து மாட்டுகிற கப்ளர் என்கிற பிளக்கும் மாட்டியிருக்கும். பழைய ஃபோர்டு செட்டுகளுக்கு நாலு இலக்கக் கோட் உண்டு, மின்சாரம் போனால் திரும்பக் கேட்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் செய்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கப்ளரைப் பிடுங்கினாலும் மின்சாரம் போவது ஒன்றுதான். ஆகவே கோட் எழுதின அட்டை இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு வேலையில் இறங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றி வைத்துவிடுங்கள். அட்டை தொலைந்திருந்தால், செட்டின் தகரப் பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் வி அல்லது எம் என்று ஆரம்பிக்கிற சீரியல் எண் இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் கோடைக் கண்டுபிடிக்க முடியும். குருட்டாம்போக்கில் எண்களை அழுத்திக்கொண்டே போனால் செட் பூட்டிக்கொள்ளும்.

புது செட் போடுகிறவர்கள் காரின் வயரை வெட்டாதீர்கள். காருக்கேற்ற அடாப்டர் கப்ளர் கிடைக்கிறது, பழைய ஃபோர்டில் இருப்பது பொதுவான ஐஎஸ்ஓ கப்ளர் இல்லை என்பதால் கேட்டு வாங்குங்கள். புது செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கருப்பு எர்த். வண்டியை அணைக்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன்கள் மறந்துபோகிறது என்றால் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும்.

மாமா செட்டுக்கு கிளீனர் அடித்து, குமிழைக் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் திருகிக் காயவிட்டு, திரும்ப மாட்டியாயிற்று. மாட்டுவதற்குக் கம்பி வேண்டாம், ஆனால் கழற்றும்போது உள்ளே அமுங்கிய ஸ்பிரிங் தகடுகள் பழையபடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள், படிந்திருந்தால் விரலால் லேசாக வெளியே வளைத்துவிட்டு டக் என்று கேட்கிற வரைக்கும் தள்ளுங்கள். செய்த கம்பியை டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்துவிடலாமே என்றார் மாமா. வேண்டாம் என்று வாங்கி வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கிறேன், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிற திருடனுக்கு சாவியையும் நாமே எடுத்துக் கொடுப்பானேன்.