ஸ்டென்சில் ஃபான்ட்டுக்கு 6,500 ரூபாய் கட்டி ஏமாந்த கதை

6,500 ரூபாய் போச்சுங்க. ஒரே ஒரு ஃபான்ட்டுக்கு. ஆத்திரம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், ஒருத்தராவது தப்பிக்கட்டும்.

கிண்டி பக்கம் ஒரு காபி கடைக்கு போர்டு வேலை. பழைய ஒர்க்‌ஷாப் மாதிரி இருக்கணும்னாங்க. 3 மி.மீ. இரும்புத் தகடுல எழுத்தை லேசர்ல வெட்டி, பின்னாடி லைட். அதுக்கு ஒடுக்கமா, உயரமா, தடியா ஒரு ஸ்டென்சில் எழுத்து, அதாவது தகடுல வெட்டறதுக்குன்னே கோட்டுல அங்கங்க இடைவெளி விட்டு வரைஞ்ச எழுத்து வேணும், தமிழ்லயும். தமிழ்ல அப்படிக் கிடைக்கறதே அபூர்வம். சோஷியல் மீடியாவுல ஃபான்ட் விக்கிற ஒரு பக்கத்துல "தமிழ், இங்கிலீஷ் ரெண்டும், கமர்ஷியல் லைசென்ஸோட"ன்னு போட்டிருந்தான். மெசேஜ் பண்ணேன்.

கடை பேரைக் கேட்டான். அதுல மூணு சுழி ‘ண’ ரெண்டு தடவை வரும். கொஞ்ச நேரத்துல படம் வந்துச்சு. ஒவ்வொரு சுழியிலயும் பிரிட்ஜ், அதான் உள்பக்கத் தகட்டை வெளித்தகட்டோட பிடிச்சு வைக்கிற வெட்டாத சின்னப் பட்டை, அவ்வளவு கச்சிதம். ஸ்டென்சிலுக்கு உயிரே அதுதான். பிரிட்ஜ் இல்லன்னா, வெட்டினதும் சுழிக்குள்ள இருக்குற தகடு கழண்டு விழுந்துடும். இதைப் புரிஞ்சு தமிழ்ல வரைய ஒரு ஆள் இருக்காரேன்னு சந்தோஷம் எனக்கு. அந்த நிமிஷமே யூபிஐல 6,500 அனுப்பிட்டேன்.

ஃபைல் வந்துச்சு. இங்கிலீஷ் அடிச்சா ஸ்டென்சில். தமிழ் அடிச்சா சிஸ்டத்துல இருக்குற சாதா எழுத்து. உள்ள ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது! அந்தப் படம் ஏதோ ஒரு போல்டு எழுத்துல அங்கங்க அழிச்சுச் செஞ்சது. ஃபான்ட் விவரத்தைத் திறந்தா இன்னொரு கூத்து. வேற யாரோ வரைஞ்சு ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்ல இலவசமா விட்டது. அந்த லைசென்ஸ்படி ஃபான்ட்டைத் தனியா விக்கவே கூடாது. பேரை மாத்தி என் தலையில கட்டியிருக்கான்.

கேட்டா, "உங்க சாஃப்ட்வேர் பழசு சார்." அப்புறம், "டிசைனர் ஊர்ல இல்ல." அப்புறம், "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது, படிக்கலையா?" பொருளே இல்லையேடா! ரொம்பக் கத்தினதும் ஒரு ஃபைல் அனுப்பினான். யூனிகோடே இல்ல, அதாவது வழக்கமா தமிழ் அடிக்கிற மாதிரி அடிச்சா வராது, எல்லா எழுத்துக்கும் நட்ட நடுவுல ஒரே நேர்வெட்டு. அம்பத்தூர் பட்டறையில துண்டுத் தகடுல ஒரு ‘ண’ வெட்டிப் பார்த்தோம். முதல் சுழியோட உள்பக்கம் டங்குனு கீழ விழுந்துச்சு. மெஷின் ஓட்டுற அண்ணன் அதைப் பொறுக்கி என் கையில குடுத்து, "இதுக்கா தம்பி ஆறாயிரத்து ஐநூறு?"ன்னார்.

இப்ப என்னை பிளாக் பண்ணிட்டான். என் கஸ்டமர் கடை பேர் போட்ட அதே படத்தை "எங்கள் படைப்பு"ன்னு பக்கத்துல ஏத்தி இன்னும் வித்துக்கிட்டு இருக்கான்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. படத்தை நம்பாதீங்க, நீங்களே டைப் அடிச்சுப் பார்க்க ட்ரையல் ஃபைல் கேளுங்க. இங்கிலீஷ் மட்டும் போதும்னா கூகுள் ஃபான்ட்ஸ்ல ‘பிக் ஷோல்டர்ஸ் ஸ்டென்சில்’ சும்மாவே கிடைக்குது. காசு போனா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் ரெண்டுலயும் சொல்லியாச்சு. அந்த 6,500 வருதோ இல்லையோ, ‘ண’வை இப்ப நானே கையால வரையணும். கடைக்காரர் வேற போன் மேல போன்.