‘ஆர்வமில்லை’ பட்டனோடு இரண்டு வருடம்

அம்மாவுக்கு மூட்டுவலி. என்ன பயிற்சி செய்யலாம் என்று ஒரு ராத்திரி என் போனில் நாலு வீடியோ பார்த்தேன். விடிந்ததும் வலி எனக்குத்தான் என்று ஆப் முடிவு கட்டிவிட்டது. எழுந்தால் மூட்டு, சாப்பிட உட்கார்ந்தால் மூட்டு, படுத்தால் மூட்டுத் தேய்மானம். ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஆர்வமில்லை’ என்று அழுத்தத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஆப்பின் பெயர் வேண்டாம்.

முதல் வாரம் எண்ணிக்கொண்டே வந்தேன்: 17 முறை. அழுத்திய வீடியோ திரும்பி வரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே விஷயத்தை வேறொரு டாக்டர் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும் வீடியோ வந்தது. ‘இந்த விஷயம் வேண்டாம்’ என்று நான் சொல்வது, ‘இந்த ஒரு வீடியோ வேண்டாம்’ என்றுதான் அதன் காதில் விழுகிறது.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தேடிப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸ் உலாவியின் பின்னால் இருக்கும் மொஸில்லா அறக்கட்டளை 2022-ல் யூடியூப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது; 20,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள் தங்கள் தரவைக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்கியதைப் போன்ற பரிந்துரைகளில் ‘ஆர்வமில்லை’ பட்டன் தடுத்தது 11 சதவீதம். டிஸ்லைக் 12. பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கினால் 29. சேனலையே பரிந்துரைக்காதே என்றால் 43. அதற்கு யூடியூப் தரப்பு சொன்ன பதிலும் கவனிக்கத்தக்கது: இந்தப் பட்டன்கள் ஒரு தலைப்பையே முழுதாக வடிகட்டுவதற்கானவை அல்ல, அப்படிச் செய்தால் ஆளுக்கு ஆள் தன் கருத்தின் எதிரொலியை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வந்துவிடும் என்றார்கள். அரசியல் வீடியோவுக்கு அந்த வாதம் சரி. மூட்டுக்கு எதற்கு?

கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தபோது கோபம் பாதி குறைந்தது. நாம் பார்ப்பது, முழுதாகப் பார்ப்பது, திரும்பப் பார்ப்பது எல்லாம் அதற்குக் கேட்காமலே கிடைக்கிற தரவு. ‘வேண்டாம்’ என்று மெனக்கெட்டு அழுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பேசாமல் தள்ளிவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம்? பிடிக்கவில்லையா, நேற்றே பார்த்தாயிற்றா, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டதா? எதைக் காட்டலாம் என்று கணிக்கும் கணினி மாடலுக்குத் தெரிய வழியில்லை. அதனால் பல மாடல்களில் நாம் தொடாத வீடியோக்களிலிருந்து சிலதைக் குத்துமதிப்பாக எடுத்து, இவை பிடிக்காதவை என்று வைத்துக்கொண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். நான் வேலைமெனக்கெட்டு அழுத்திய நிஜமான ‘வேண்டாம்’ அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது. 2023-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு நேரான வழியைச் சொல்கிறது: பயனர் வேண்டாம் என்றதை எடுத்துக்கொடுக்கும் வாய்ப்பு குறையும்படி, மாடலைப் பயிற்றுவிக்கும் கணக்கிலேயே அதற்கென்று தனியாக ஒரு பகுதியைச் சேர்ப்பது.

‘வேண்டாம்’ என்பதற்குக் கணக்கில் எடையை, அதாவது மதிப்பெண்ணை, கூட்டினால் போதும் என்றும் சொல்ல முடியாது. ட்விட்டர் 2023-ல் தன் பரிந்துரை நிரலை வெளியே விட்டபோது அதிலிருந்த எடைகள் எல்லோருக்கும் தெரிந்தன. லைக்குக்கு 0.5, பதில் எழுதினால் 13.5, ‘வேண்டாம்’ வகைக்குக் கழித்தல் 74, புகாருக்குக் கழித்தல் 369. ஒரு ‘வேண்டாம்’ 148 லைக்கை விழுங்கும் என்று நானும் முதலில் குதித்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்த எடை பெருக்கப்படுவது, நாம் அதை அழுத்துவோம் என்று மாடல் முன்கூட்டியே கணிக்கும் வாய்ப்பால். அழுத்துகிறவர்களே குறைவு என்பதால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் நூலளவுதான் இருக்கும்.

எதிர்ப்பக்க அனுபவமும் உண்டு. ஒரு செஸ் ஆசிரியரின் பாடத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன், மறுபடி வந்ததால் ‘ஆர்வமில்லை’ கொடுத்தேன். மூன்று வாரம் அவர் வீடியோ ஒன்றுகூட முகப்பில் வரவில்லை. மனுஷன் சேனலை மூடிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது: அழுத்தியதும் கீழே பொடி எழுத்தில் ‘ஏன் என்று சொல்லுங்கள்’ என்று ஒன்று வருகிறது, அதற்குள் ‘ஏற்கெனவே பார்த்துவிட்டேன்’ என்ற விடை இருக்கிறது. நாம் விரலை எடுத்துக்கொண்டு போவதற்குள் மறைந்துவிடும்.

குறும்வீடியோக்களில் எனக்கு இன்னொரு சந்தேகம். மூன்று புள்ளியைத் தேடி, மெனுவைத் திறந்து, சரியான வரியைத் தொடுவதற்குள் பின்னால் அது இரண்டு தரம் ஓடி முடித்துவிடுகிறது. அதையும் ‘ரசித்துப் பார்த்தார்’ என்று கணக்கில் எழுதிக்கொள்கிறதோ என்னவோ.

இப்போது பட்டனை அவ்வளவாகத் தொடுவதில்லை. பிடிக்காததை முதல் நொடியிலேயே தள்ளிவிடுகிறேன், தொல்லை தரும் சேனலை மொத்தமாகத் தடுக்கிறேன், வாரம் ஒருமுறை வரலாற்றைத் திறந்து களை பறிக்கிறேன். ஒரே ஒரு தடவை தேவைப்படுகிற விஷயம் என்றால் வரலாற்றை நிறுத்திவைத்துவிட்டுத் தேடுகிறேன்.

போன வாரம் அம்மா அந்தப் பழைய பயிற்சி வீடியோவைக் கேட்டார். வரலாற்றிலிருந்து எப்போதோ நீக்கியாயிற்று. அவசரத்தில் எதையும் நிறுத்திவைக்காமல் தேடி எடுத்துக் கொடுத்தேன். இன்று காலை முகப்பில் மூன்று மூட்டு.